நின்று ஓட்டும் ஜெட் ஸ்கீ: தண்ணீர் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது

நாற்பது வருடப் பழைய ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் வரும். புது பெட்ரோல் ஊற்றி, பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். தயவுசெய்து வேண்டாம். முதலில் ஸ்பார்க் பிளக் இரண்டையும் கழற்றுங்கள். துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். அப்புறம் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சந்தோஷம். மணலை அரைப்பதுபோலக் கரகரத்தால் உள்ளே பேரிங்கில் துரு ஏறியிருக்கிறது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பிஸ்டன், சிலிண்டர் வரை போய்விடும்.

கவாசாகி ஜே.எஸ். 440 மாடலை எடுத்துக்கொள்வோம். நின்று ஓட்டும் வண்டிகளில் எல்லோரும் பழகிய மாடல் இது. இதன் மூல யோசனை அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தய வீரர் கிளேட்டன் ஜேக்கப்சனுடையது. அதை வைத்து 1973-ல் கவாசாகி முதல் வண்டிகளை வெளியிட்டது. 1975 முதல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் தயாரிப்பு நடந்தது. கடலே இல்லாத மாநிலம் அது! ஜே.எஸ். 440 வந்தது 1977-ல். 436 சிசி, இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். இதே நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த நான்கு ஸ்ட்ரோக் வண்டி 250 கிலோ. பழையதைத் தேடிப் பிடித்துச் சீர்செய்கிறவர்கள் ஏன் இன்னும் இருக்கிறார்கள் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. இலேசான வண்டி உடம்பு சாயும் பக்கம் சாயும்.

இந்த வண்டியைத் தள்ளுவது தண்ணீர், குளிர்விப்பது தண்ணீர், கொல்வதும் தண்ணீர். பழுதுபார்க்கிற வேலை எல்லாமே, எந்த வழியில் தண்ணீர் போக வேண்டும், எந்த வழியில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது என்று பார்க்கிற வேலைதான்.

தள்ளும் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். வண்டியின் அடியில் கம்பிச் சட்டம் போட்ட ஒரு வாய் இருக்கிறது. அதன் வழியே உள்ளே வரும் தண்ணீரை இம்பெல்லர் என்ற சுழலும் இறக்கைச் சக்கரம் பின்னால் தள்ளுகிறது. சுழன்றுகொண்டே வரும் தண்ணீரை அடுத்துள்ள அசையாத தகடுகள் நேராக்குகின்றன. கடைசியில் குறுகலான மூக்கு. குழாயின் பரப்பு பாதியானால் அதே அளவு தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறியாக வேண்டும். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் பீய்ச்சி அடிக்கிறதே, அதுதான். தண்ணீர் பின்னால் போகிற வேகத்துக்கு ஈடாக வண்டி முன்னால் போகிறது. திருப்புவதும் இந்த மூக்கைத் திருப்பித்தான். தனியாகச் சுக்கான் கிடையாது. அதனால்தான் பயத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் வண்டி திரும்ப மறுக்கிறது.

இறக்கையின் விளிம்புக்கும் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். மணலும் கூழாங்கல்லும் உள்ளே போய்ப் போய் அது அகலமாகிவிடும். பின்னால் தள்ளிய தண்ணீர் அந்த இடைவெளி வழியே முன்பக்கமே திரும்பி வரும். இன்ஜின் அலறும், வண்டி நகராது. இம்பெல்லரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இறக்கையில் அம்மைத் தழும்புபோலச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது கல் பட்டதல்ல, குமிழி செய்த வேலை. தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும் என்பது சாதாரண காற்றழுத்தத்தில்தான். அழுத்தம் அதில் 24-ல் ஒரு பங்காகக் குறைந்தால் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். இறக்கையின் முன்பக்கம் அழுத்தம் அவ்வளவு இறங்கும்போது நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. அழுத்தம் கூடிய இடத்துக்கு நகர்ந்ததும் அவை சட்டென்று நொறுங்குகின்றன. அந்த ஒவ்வொரு நொறுங்கலும் உலோகத்தின் மேல் விழும் ஒரு குட்டிச் சுத்தியல் அடி.

பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு சிறு பங்கு மெல்லிய குழாய் வழியே இன்ஜினுக்குப் போய், சிலிண்டரைச் சுற்றிக் குளிர்வித்துவிட்டு வெளியேறுகிறது. ரேடியேட்டர் கிடையாது, தனிப் பம்பும் கிடையாது. ஆகவே கரையில் வைத்து இன்ஜினை ஓட்டுவதென்றால் சில விநாடிகள்தான். பக்கவாட்டில் மெல்லிய தாரை ஒன்று பீய்ச்சுகிறதா என்று ஓட்டும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பும் மணலும் அந்தக் குழாயை அடைத்துவிட்டால் முதலில் தெரிவது அங்கேதான்.

தண்ணீரும் வெளிக்காற்றும் போகவே கூடாத இடம், கிராங்க் சுற்றும் அறையான கிராங்க்கேஸ். இந்த வேலையின் இதயம் இதுதான் என்பேன். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் அடியில் ஆயில் தொட்டி கிடையாது. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க்கேஸ் பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது, கீழே வரும்போது அதை அழுத்திச் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. பேரிங்குகளுக்கு வேண்டிய ஆயில் அந்தப் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. பெட்ரோல் பங்கில் ஆயில் சேர்த்து வாங்கி டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஜெட் ஸ்கீயில் 50-க்கு 1 என்ற கலவை, அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி.

கிராங்கின் முனைகளில் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள் வருடங்கள் போகப் போகக் கட்டியாகிவிடும். அந்த வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது. குறைந்த பெட்ரோல் என்றால் கூடுதல் சூடு. பெட்ரோலோடுதானே ஆயில் வருகிறது, அதனால் வழுக்கலும் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. புது பிஸ்டன் போட்ட முதல் நாளே இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால், பெரும்பாலும் பிஸ்டன் மேல் குற்றமில்லை, கசிவைத் தேடாமல் விட்டதுதான் காரணம். தேடும் முறை பஞ்சர் கடை முறையேதான். உள்வழி, வெளிவழி எல்லாவற்றையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் 7 பி.எஸ்.ஐ. வரை காற்று ஏற்றுங்கள். அழுத்தமானியில் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். நுரை எங்கே முட்டை விடுகிறதோ அங்கேதான் ஓட்டை. இந்த ஒரு சோதனையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

கார்புரேட்டரும் அதே கதைதான். பைக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்த மிதவை இருக்கும். குதித்துக் கவிழும் வண்டியில் மிதவை வேலைக்காகாது. அதனால் இங்கே மெல்லிய டயஃப்ரம் சவ்வுகள் அந்த வேலையைச் செய்கின்றன. கிராங்க்கேஸில் ஏறி இறங்கும் அழுத்தமே ஒரு சவ்வை அசைத்துப் பெட்ரோலை இழுக்க வைக்கிறது. சவ்வு விறைத்துவிட்டால் பெட்ரோல் குறையும், மறுபடியும் பிஸ்டனுக்கே ஆபத்து. தேங்கிக் கிடந்த பெட்ரோல் இன்னொரு தொல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்குக் கிடைப்பது ஆயில் இல்லாத கலவை. பழைய பெட்ரோலை முழுதாக வடித்துவிடுவதே சரி.

உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டியில் போல்ட் கழற்றுவது பொறுமைக்கு வைத்த பரீட்சை. அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புநீர் என்றால் அது ஒரு பேட்டரி, தேய்வது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்துத் திருகின் மரைக்குள் இறுகிக்கொள்ளும். பெட்ரோல் தொட்டியை வெளியே எடுத்துவிட்டு, ஹீட் கன் கொண்டு சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அது போல்ட்டைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும், பிடி தளரும். திரும்பப் பூட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறக்காதீர்கள்.

வண்டியின் உடலுக்குள் இருக்கும் மிதவை ஃபோமும் பல வருடங்களில் தண்ணீர் குடிக்கும். பத்து லிட்டர் குடித்திருந்தால் பத்து கிலோ கூடுதல். தராசில் வைத்தால் தெரிந்துவிடும்.

எவ்வளவு அடைத்தாலும் ஒரு நாள் வண்டி கவிழ்ந்து இன்ஜின் தண்ணீர் குடிக்கத்தான் செய்யும். அப்போது பேட்டரி இருக்கிறதே என்று ஸ்டார்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது. தண்ணீர் அழுந்தாது, சிலிண்டரில் அது நிறைந்திருந்தால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றிச் சுற்றினால் தண்ணீர் பீறிட்டு வெளியேறும். பிறகு ஆயில் விட்டு, அன்றைக்கே தண்ணீரில் வைத்து இன்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடாக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பேரிங்கில் துரு தொடங்கிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இன்ஜின் குடிக்கும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே தண்ணீரில் கலக்கிறது. கலிபோர்னியா, நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரியில் 1999 முதல் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குத் தடை. அது நியாயமான தடை. குடிநீர் எடுக்கும் ஏரிகளில் இதை இறக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

ஓட்டி முடித்துக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் இன்ஜினைக் கழுவ வேண்டும். இதில் வரிசை முக்கியம். தண்ணீர்க் குழாயை இன்ஜினின் குளிர்விக்கும் வழியில் மாட்டிவிட்டு, முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் குழாயைத் திறவுங்கள். முடிக்கும்போது முதலில் குழாயை மூடுங்கள், பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாமல் தண்ணீர் மட்டும் வந்தால், அதைப் புகைக்குழாயிலிருந்து வெளியே ஊதித் தள்ள ஆள் இல்லை. அது தேங்கி ஏறிச் சிலிண்டருக்குள் போய்விடும். கடைசியாக மேல்மூடியைத் தூக்கி, இரவு முழுக்க ஒரு மரத்துண்டால் முட்டுக் கொடுத்துத் திறந்தே வையுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் காலைக்குள் வெளியே போய்விடும்.