சோஷியல் புரோகிராம்: சமூக நிகழ்ச்சியா, ஊர் உலாவா?

தொழில் மாநாட்டு அழைப்பிதழ்களில் 'ஆப்ஷனல் சோஷியல் புரோகிராம்' என்று ஒரு வரி இருக்கும். அமர்வுகளுக்கு நடுவே ஒரு பிற்பகலிலோ எல்லாம் முடிந்த மறுநாளோ, விருப்பப்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரைக் காட்டுவார்கள். ராத்திரி விருந்து, கொஞ்சம் பரதநாட்டியம். கூட வந்த கணவனோ மனைவியோ பகலெல்லாம் ஓட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவர்களுக்கும் ஓர் ஏற்பாடு. அவ்வளவுதான் பொருள்.

இதைத் தமிழில் அச்சடிக்கும்போது 'விருப்ப சமூக நிகழ்ச்சி' என்று போட்டுவிடுகிறார்கள். வண்ணாரப்பேட்டையில் 'சமூக நிகழ்ச்சி' என்று சொல்லிப் பாருங்கள். கண் பரிசோதனை முகாமா, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்களா என்றுதான் கேட்பார்கள்.

'சோஷியல்' என்பதன் வேர் லத்தீனில் 'சோசியுஸ்'. கூட்டாளி, தோழன் என்று பொருள். சமூகம் என்ற பெரிய பொருள் பிறகு வந்து சேர்ந்தது. மாநாட்டுக்காரர்கள் பயன்படுத்துவது அந்தப் பழைய பொருளை: நாலு பேர் பழகிக்கொள்ளட்டும், அவ்வளவே. இதற்குத் தமிழில் 'ஒன்றுகூடல்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. விருந்துக்கும் அறிமுகக் கூட்டத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். பஸ் ஏறி ஊர் பார்ப்பதற்குத்தான் வேறு சொல் வேண்டும்.

'டூர்' கிரேக்கத்தில் கடைசல் கருவியைக் குறித்த 'தோர்னோஸ்' என்ற சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுழல்வது, சுற்றி வருவது, புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது என்று பொருள் விரிந்தது. நம் 'சுற்றுலா'விலும் அதே சுற்று இருக்கிறது. 'சைட்சீயிங்' அப்படி இல்லை. அதில் பார்க்கிறவர் நாம், பார்க்கப்படுவது ஊர்.

உலா இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. உலவு, உலாவு என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. திருவொற்றியூர் மாடவீதியில் தியாகராஜர் வருவதும் உலாதான். பழைய இலக்கியத்தில் பாட்டுடைத் தலைவன் வீதியில் வருவதும் உலாதான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவதாகப் பாடுவது அந்த இலக்கிய வகையின் இலக்கணம். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவை ஆதியுலா என்பார்கள். அதில் வீதியில் வருகிறவர் சிவபெருமான். ஆக, உலாவில் வருகிறவர் வேடிக்கை பார்ப்பதில்லை. ஊர்தான் அவரை வேடிக்கை பார்க்கிறது.

சந்தேகமிருந்தால் விடியற்காலையில் காசிமேட்டுக்கு வாருங்கள். ஏலம் சூடுபிடித்திருக்கும். ஐஸ் தண்ணீர் காலடியில் ஓடும். வஞ்சிரக் கூடையைச் சுற்றி ஏலக்காரரின் குரல் ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் கழுத்தில் பேட்ஜ் தொங்க, வெள்ளை ஷூ நனையாமல் ஒற்றைக் காலில் தாண்டிக்கொண்டு பத்துப் பேர் வந்து நின்றால், மொத்தத் துறைமுகமும் யாரைப் பார்க்கும்? "இன்னா சார், ஷூட்டிங்கா?" என்ற கேள்வி எங்கிருந்தாவது நிச்சயம் வரும். மீன்காரம்மா ஏலத்தையே ஒரு நொடி மறந்துவிடுவார். ஏழு பருவமும் அங்கே இருக்கும், மயங்குவதுதான் சந்தேகம்.

அதனால் 'பேராளர் உலா' என்பதே என் ஓட்டு. டெலிகேட்டுக்குப் 'பேராளர்' என்பது தமிழ் மாநாடுகளில் பழகிய சொல். 'ஆப்ஷனல்' என்பதற்கு 'விருப்ப உலா' எனலாம். பள்ளியில் 'விருப்பப் பாடம்' என்று சொல்லிப் பழகியதுதானே. ஒரு எச்சரிக்கை: மாநாட்டில் ஆப்ஷனல் என்றால் பெரும்பாலும் காசு தனி என்றும் அர்த்தம். 'விருப்பம்' என்ற சொல் அதைச் சொல்லாது. 'கட்டணம் தனி' என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், பதிவு மேஜையில் சண்டை வராது.

சென்னையில் இந்த உலா பெரும்பாலும் தெற்கே மாமல்லபுரத்துக்கோ மேற்கே காஞ்சிபுரத்துக்கோதான் போகிறது. பெரிய ஓட்டல்களும் நந்தம்பாக்கம் வர்த்தக மையமும் அந்தப் பக்கம் இருப்பதால் புரிந்துகொள்ளலாம், ஆனால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட ராயபுரம் நிலையம் இங்கே வடசென்னையில் இருக்கிறது. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், கொஞ்சம் தள்ளி அரண்மனைக்காரத் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம். அப்புறம் பர்மா பஜார் பக்கம் போனால், 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ். ஒரு பிற்பகலுக்கு இதுவே தாராளம்.

இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம்: 'ஜங்கெட்'. லத்தீனில் 'யுங்குஸ்' என்றால் கோரைப்புல். கோரைக் கூடையில் வைத்த பாலாடைக்கட்டிக்கு முதலில் அந்தப் பெயர்; பிறகு விருந்துக்கு; கடைசியில் வேலை என்ற பெயரில் அடுத்தவர் காசில் போகும் உல்லாசப் பயணத்துக்கு. தமிழில் 'ஓசி டூர்' என்றால் தீர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்திய கடிதங்கள் தபால் கட்டணம் இல்லாமல் போனதால் 'ஓசி' வந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். கதை உண்மையென்றால், அந்தக் கம்பெனி கோட்டை கட்டி உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சொல்லும் பிறந்திருக்கிறது.

பாரிமுனை மொத்த வியாபாரிகள் மட்டும் இந்தக் குழப்பம் எதிலும் மாட்டுவதில்லை. வருஷ டார்கெட்டை முடித்தவருக்கு சிமென்ட் கம்பெனியோ பெயின்ட் கம்பெனியோ பாங்காக் டிக்கெட் கொடுக்கும். அது அவர்களுக்கு 'டீலர் டூர்'. சரக்கு விற்றுச் சம்பாதித்த டிக்கெட்; அதை ஓசி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.