புதுக் காருக்கு மட் ஃப்ளாப் தேவையா? பெயிண்டிங் பட்டறையில் கண்டது

கதவில் விழுந்த ஒரு சின்ன ஒடுக்கை எடுக்கத்தான் அந்தக் கார் வந்தது. வாங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தது. பெயிண்ட் வேலைக்கு வரும் எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் மட் ஃப்ளாப்பை, அதாவது கல்லும் சேறும் தெறிக்காமல் இருக்கச் சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் மடலை, கழற்றிப் பார்ப்பது என் பழக்கம். இதிலும் கழற்றினேன். ஃப்ளாப்புக்கும் தகட்டுக்கும் நடுவே மண் பாளம் பாளமாக அப்பியிருந்தது. மழை நின்று பல நாள் ஆகியும் அந்த மண்ணில் ஈரம் இருந்தது. சுரண்டி எடுத்தால் மண்ணோடு சேர்ந்து பழுப்புச் செதில்களும் வந்தன. ஸ்க்ரூ இருந்த இடத்தை விரலால் அழுத்தினேன், தகடு உள்ளே போய்விட்டது.

உரிமையாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அண்ணே, வண்டி துருப்பிடிக்கக் கூடாதுன்னுதானே டெலிவரி எடுத்த அன்னைக்கே இதை மாட்டச் சொன்னேன்?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வண்டிமேல் அக்கறை உள்ள மனிதர். வாரம் தவறாமல் கழுவுகிறவர். அவர் செய்த ஒரே தவறு, ஃப்ளாப்பை எங்கே, எதைக் கொண்டு முடுக்குகிறார்கள் என்று பார்க்காமல் விட்டதுதான்.

டிங்கரிங், பெயிண்டிங் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். மட் ஃப்ளாப் இல்லாததால் கீழ்ப்பக்கப் பெயிண்ட் முழுக்கப் பொரிந்துபோன வண்டிகளையும் சரிசெய்திருக்கிறேன், மட் ஃப்ளாப்பாலேயே துருப்பிடித்த வண்டிகளையும் சரிசெய்திருக்கிறேன். அதனால் "போடலாமா, வேண்டாமா" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்வதில்லை. உங்கள் வண்டியின் உடம்பு எப்படி வளைந்திருக்கிறது, எந்த மாதிரி ரோட்டில் ஓடுகிறது, ஃப்ளாப் எதில் மாட்டப்படுகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் கல் எப்படி வந்து அடிக்கிறது என்று பாருங்கள். டயர் பட்டனுக்கு நடுவில் சிக்கும் பொடிக்கல், டயர் தரையை விட்டு மேலே எழும்போது கழன்று பறக்கிறது. வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடினால், வண்டியைப் பொறுத்தவரை டயரின் வெளிப்பரப்பும் அதே வேகத்தில் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தில்தான் கல் உங்கள் கார் உடம்பிலேயே போய் மோதுகிறது. மோதும் இடத்தில் இருக்கும் பெயிண்டின் கனம் எவ்வளவு தெரியுமா? அடிப்பூச்சு, ப்ரைமர், நிறம், மேலே கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் எழுதும் தாளின் கனத்துக்குப் பக்கத்தில் வரும். அதற்கு அடியில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாத தகடு.

முன்சக்கரம் வீசும் கல்லும் சேறும் பின்னோக்கி, மேல்நோக்கிப் போகும். அதனால் முன்கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், கதவுகளின் கீழ்விளிம்பு, பின்சக்கர வளைவின் முன்பக்கம், இவைதான் முதலில் அடி வாங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பி வளைவில் போகும்போது சக்கரம் வெளியே எட்டிப்பார்ப்பதால் கல் இன்னும் அகலமாகச் சிதறும். பின்சக்கரம் வீசுவது பின்பம்பரின் ஓரத்திலும் அடியிலும் படும், மிச்சம் பின்னால் வருகிறவருக்கு. ஆகவே சொந்த வண்டியின் பெயிண்டைக் காப்பது பெரும்பாலும் முன் ஃப்ளாப். பின் ஃப்ளாப்பின் பலன் பம்பருக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும்தான் அதிகம். "பின்னாடி மட்டும் போட்டால் போதும்" என்று சொல்கிறவர்களிடம் இதை நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

எல்லா வண்டிக்கும் இந்த அடி ஒரே அளவில் விழுவதில்லை. சில கார்களை மேலிருந்து பார்த்தால் கதவுப் பகுதி இடுப்பு மாதிரி உள்ளே ஒடுங்கி, பின்சக்கரத்துக்கு மேலே புடைத்துக்கொண்டு வரும். அந்தப் புடைப்பு முன்சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்கிறது, வீசுகிற கல் எல்லாம் அங்கேதான். பக்கவாட்டில் நேராக இருக்கும் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. சக்கர வளைவைச் சுற்றியும் கதவுக்குக் கீழேயும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை வைத்து வரும் வண்டிகளில் கல்லடியை அந்தப் பட்டையே வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, கதவுக்குக் கீழே இருக்கும் சட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால், பெயிண்டுக்கு அடியில் கல்லடி தாங்கும் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவு மாதிரியே வழவழவென்று இருந்தால் அங்கே வெறும் பெயிண்ட்தான், கவனம் தேவை.

அதனால் என் யோசனை, டெலிவரி எடுக்கும் அன்று எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் சும்மா ஓட்டுங்கள். மழையில் சேற்று ரோட்டில் ஒருமுறை போய்விட்டு வந்ததும், கழுவுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி நடந்து பாருங்கள். சேறு எது வரை ஏறியிருக்கிறது, எங்கே விசிறி மாதிரி விரிந்திருக்கிறது என்று அப்படியே தெரியும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேறு போகும் பாதைதான் பொடிக்கல்லும் போகும் பாதை. பிறகு கழுவிக் காயவைத்து, டார்ச் வெளிச்சத்தைத் தகட்டின்மேல் சாய்வாக அடித்து அதே இடங்களைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகளோ பொரிவுகளோ தெரிந்தால் உங்கள் வண்டிக்கு ஃப்ளாப் வேண்டும். சேறு அடிச்சட்டத்தோடு நின்று, பெயிண்டில் ஒரு புள்ளிகூட இல்லையென்றால் அவசரமே இல்லை. தினமும் ஜல்லி ரோட்டிலோ மண் ரோட்டிலோ ஓட்டப்போகிறவர் மட்டும் காத்திருக்க வேண்டாம், முதல் வாரத்திலேயே மாட்டிவிடலாம்.

வேண்டும் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்விதான் முக்கியமானது. ட்ரில் தகட்டைத் தொடுமா?

பல மாடல்களில் சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையிலும் பம்பரின் ஓரத்திலும் ஏற்கெனவே ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கும். அந்த மாடலுக்கென்றே அச்சில் வார்த்த ஃப்ளாப் அதே துளைகளைப் பயன்படுத்திக்கொள்ளும். பழைய ஸ்க்ரூவைக் கழற்று, ஃப்ளாப்பை வை, சற்று நீளமான ஸ்க்ரூவை முடுக்கு. வேலை முடிந்தது, தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் ஃப்ளாப்பில்தான் சிக்கல் வருகிறது. அதற்கான துளை உங்கள் வண்டியில் இருக்காது. மாட்டுகிறவர் ட்ரில்லை எடுத்துச் சக்கர வளைவின் விளிம்பில் துளைபோட்டு, இரும்பு ஸ்க்ரூவை நேராக அடித்துவிடுவார். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பெயிண்ட், ப்ரைமர், துத்தநாகப் பூச்சு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு ட்ரில் உள்ளே போகிறது. துளையின் சுற்றுவிளிம்பில் பூச்சில்லாத வெறும் இரும்பு தெரிகிறது. ட்ரில் செய்யும்போது சிதறும் இரும்புத் தூள் பக்கத்துப் பெயிண்டிலும் விளிம்பின் மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு, முதல் ஈரத்திலேயே துருப்பிடிக்கிறது. வண்டி ஓடும்போது ஃப்ளாப் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் ஸ்க்ரூ துளையை அரைத்துக்கொண்டே இருக்கும், துரு தடுக்கும் எந்தப் பூச்சும் அங்கே நிலைக்காது. மேலே ஃப்ளாப் மூடியிருப்பதால் காற்றும் படாது, வெயிலும் படாது. ஈர மண் மட்டும் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் பின்சக்கர வளைவின் விளிம்பு பொதுவாக ஒற்றைத் தகடு இல்லை, இரண்டு தகடுகளை மடித்துச் சேர்த்த இடம். நடுவில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. வெளிப்புறத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி உங்கள் கண்ணுக்குத் தெரியும்போது, உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

அதோடு, பாடி துருப்பிடித்தால் கம்பெனி பொறுப்பேற்கும் வாரன்டி உங்கள் வண்டிக்கு இருந்தால், ட்ரில்லுக்குச் சம்மதிக்கும் முன் அந்த வாரன்டிப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளியாள் போட்ட துளையிலிருந்து தொடங்கும் துருவுக்கு அவர்களிடம் போய் நிற்பது சுலபமில்லை.

துளை போட்டே ஆகவேண்டிய நிலை சில வண்டிகளில் வரும். அப்போதும் முடிந்தவரை பிளாஸ்டிக் உறையிலும் பம்பரிலும் மட்டும் போடச் சொல்லுங்கள். தகட்டில் போட்டே தீரவேண்டும் என்றால் துளையின் பிசிறை உரசி எடுத்து, தூளைத் துடைத்து, துரு தடுக்கும் ப்ரைமர் தொட்டு, அதன்மேல் நிறமும் பூசி, நன்றாகக் காயவிட வேண்டும். துளைக்குள் நைலான் புஷ் (ஸ்க்ரூவுக்கான சின்ன உறை) வைத்து, அதற்குள் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ இறங்க வேண்டும். ஸ்க்ரூ நேராகத் தகட்டைக் கடிக்கக் கூடாது. கடைசியாக அந்த இடத்தில் மெழுகு மாதிரியான துருத்தடுப்புப் பூச்சு. இவ்வளவையும் பொறுமையாகச் செய்ய நேரமில்லை என்று மாட்டுகிறவர் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஃப்ளாப் இல்லாமல் விழும் கல்லடிப் புள்ளியை டச்-அப் பெயிண்டால் மூடிவிடலாம். உளுத்துப்போன விளிம்பை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெட்டி பிளாஸ்டிக் ஃப்ளாப் வண்டியின் வடிவத்தோடு அழகாகப் பொருந்தும், ஆனால் இடித்தால் உடையும், குளிரில் இன்னும் சீக்கிரம் உடையும். ரப்பரோ மெத்தென்ற பாலியூரித்தேனோ இடித்தால் மடங்கிக்கொடுக்கும். மேடுபள்ளத்தில் ஓடுகிற வண்டிக்கு மடங்குவதுதான் நல்லது. காரணம், ஃப்ளாப் மடங்கவில்லை என்றால் அது மாட்டியிருக்கும் பம்பர் ஓரம் பிய்ந்துவரும். ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் ஒரு திட்டில் ஏறி, நீளமான ஃப்ளாப்பைத் திட்டோடு சேர்த்து மிதித்து, பம்பரின் கிளிப்பையே பிடுங்கிப்போட்ட வண்டிகள் அடிக்கடி வருகின்றன. நீளம் பாதுகாப்பு என்று நினைத்துத் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கவிடாதீர்கள். அகலம்தான் முக்கியம், டயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். அகலமான டயர் மாற்றி, அது பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்த மாடலுக்கான ஃப்ளாப் பாதி டயரைத்தான் மறைக்கும்.

மாட்டி முடித்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இடதுபக்கம் முழுசாக ஒடித்து, பிறகு வலதுபக்கம் முழுசாக ஒடித்து, இரண்டு நிலையிலும் டயருக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவே விரல் புகுகிறதா என்று பாருங்கள். ஆள் ஏறி டிக்கியில் சாமானும் வைத்தால் வண்டி இன்னும் தாழும், அப்போதும் உரசக் கூடாது. டயரில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்த கோடு விழுந்தால் உரசுகிறது என்று அர்த்தம். ஸ்க்ரூவின் முனை உள்பக்கம் டயரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் கையால் தடவிச் சரிபாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ஒரு ஸ்க்ரூ முனை கீறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மைலேஜ் குறையுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காற்றைக் கொஞ்சம் தடுக்கும்தான். வண்டியோடு பொருந்தி நிற்கும் சிறிய ஃப்ளாப்பில் அந்த வித்தியாசம் உங்கள் கணக்கில் தெரியாது. டயரில் காற்று குறைந்திருந்தால் போகிற எரிபொருளைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

ஃப்ளாப் வேண்டாம், ஆனால் பின்கதவு ஓரத்தில் மட்டும் கல்லடி படுகிறது என்றால் அந்த இடத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம். பெயிண்டைவிடக் கனமானது, கல்லை வாங்கிக்கொள்ளும். ஆனால் சேறு வீசுவதை அது நிறுத்தாது. மழையில் உங்கள் பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் மீது அடிக்கும் சேற்றுத் தண்ணீரையும் நிறுத்தாது. அந்த ஒரு காரணத்துக்காகவே பின் ஃப்ளாப் போடுகிற வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு இருக்கிறார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மாட்டியவர்கள் வண்டி கழுவும்போது தண்ணீர்க் குழாயை ஃப்ளாப்பின் பின்னால் விட்டு அடிக்க வேண்டும். வெளியே இருந்து அடிக்கும் தண்ணீர் அந்த இடுக்கில் போகாது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், நான்கையும் கழற்றிப் பின்னால் இருக்கும் மண்ணைச் சுத்தமாக எடுத்து, நன்றாகக் காயவிட்டு, துளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்ட வேண்டும்.

முதலில் சொன்ன அந்தக் காரின் விளிம்பை வெட்டி எடுத்துத் தகடு வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். திரும்பவும் ஃப்ளாப் மாட்டித் தரச் சொன்னார், அவர் போகிற ரோட்டுக்கு அது வேண்டும்தான். இந்த முறை பம்பரிலும் பிளாஸ்டிக் உறையிலும் மட்டும் மாட்டினேன், தகட்டைத் தொடவில்லை. இப்போது மழை ஓய்ந்ததும் அவரே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து கழற்றிவிடுகிறார். போன தடவை கழற்றியதும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். தகட்டில் நான் அடித்த பெயிண்ட் அப்படியே இருந்தது.