ஸ்லீப்பர்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்லீப்பர் என்றதும் நமக்கு ரயில் பெட்டி நினைவுக்கு வரும். சினிமாப் பைத்தியங்களுக்கு ஸ்லீப்பர் செல். அமெரிக்காவில் ஃபேண்டஸி ஃபுட்பால் ஆடுகிறவர்களுக்கோ, யாரும் சீந்தாமல் கடைசிச் சுற்றுவரை கிடந்து, சீசன் தொடங்கியதும் புள்ளிகளை அள்ளித் தரும் ஆட்டக்காரர்தான் ஸ்லீப்பர்.

ஆட்டம் எளிது. நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களை வைத்து ஆளுக்கொரு கனவு அணி சேர்ப்பார்கள். நிஜ ஆட்டத்தில் அந்த வீரர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி கிடைக்கும். தெருக் கிரிக்கெட்டில் ஆள் பிரிப்பதுபோல மாறி மாறி எடுக்க வேண்டும். அதுதான் டிராஃப்ட். பதினைந்து சுற்றுவரை போகும்; பத்தைத் தாண்டினால் மிச்சம் மீதிதான். 1962-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து இதற்கு விதி எழுதினார்.

சொல் அதைவிடப் பழசு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஃபாரோ என்றொரு சீட்டாட்டம் பிரபலம். பந்தயம் கட்டியவர் மறந்துபோய் மேசையிலேயே விட்ட காசுக்கு ஸ்லீப்பர் என்று பெயர். கண்ணில் பட்டவர் அதைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் சொல் விளையாட்டுப் பேச்சுக்குள் நுழைந்துவிட்டது.

இன்று பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் மறந்துபோன காசு என்ற பழைய பொருள் அச்சாகப் பொருந்துவது மூத்த வீரர்களுக்குத்தான். ஏட்ரியன் பீட்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 சீசனில் பந்தோடு 2,097 கெஜம் ஓடியவர். 2018 ஆகஸ்டில் 33 வயது, கையில் ஒப்பந்தம் இல்லை. வாஷிங்டன் அணியின் இளம் வீரர் டெரியஸ் கைஸுக்கு முழங்கால் போக, அந்த இடத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். ஓடிச் சேர்த்தது 1,042 கெஜம், 7 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் புகுவது). பத்து கெஜத்துக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்று கணக்குப் போட்டால் ஓட்டத்திலேயே 146 புள்ளி. 2023-ல் கரோலினா அணிக்குப் போன ஆடம் தீலனும் இப்படித்தான்: 33 வயதில் 103 பந்துகளைப் பிடித்தார்.

சரி, தமிழில்? ‘தூங்குபவர்’ என்றால் தூங்குமூஞ்சி என்றுதான் காதில் விழும். ‘கறுப்புக் குதிரை’ ஆங்கில ‘டார்க் ஹார்ஸ்’-இலிருந்து வந்த இரவல் சரக்கு. அதோடு பீட்டர்சன் என்ன ஊர் பேர் தெரியாத குதிரையா? பழம் தின்று கொட்டை போட்டவர்! நம்மிடம் ஏற்கெனவே இரண்டு தொடர்கள் இருக்கின்றன. வெளிச்சம் வெளியே தெரியாத இளைஞர், குடத்திலிட்ட விளக்கு. ஒருகாலத்தில் கொழுந்துவிட்டு எரிந்து, இப்போது சாம்பல் மூடிக் கிடக்கும் மூத்தவர், நீறு பூத்த நெருப்பு. ‘பதினாலாம் சுற்றில் ஒரு நீறு பூத்த நெருப்பு மாட்டியது’ என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை.

ஊதிப் பார்த்து வெறும் சாம்பல்தான் என்று தெரிந்தால், இரண்டாம் வாரமே அவரைக் கழற்றிவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம்.