இரண்டாம் மண்டலத்தில் ஒரு வீடு

சென்னையில் மழை வலுத்துவிட்டால் பெங்களூரின் தமிழ் வீடுகளிலிருந்து தொலைபேசி அழைப்புகள் பறக்கும். "பேசாமல் இங்கேயே வந்துவிடுங்கள். கடலும் இல்லை, புயலும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை." அல்சூரில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களும் இதைச் சொல்வார்கள், ஒயிட்ஃபீல்டில் அண்மையில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களும் சொல்வார்கள். முதல் இரண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு ஆழிப்பேரலை ஏறி வராது. கரையைக் கடக்கும் புயலும் இங்கே வந்து சேர்வதற்குள் வெறும் மழையாக இளைத்துவிடும். நிலநடுக்கத்தைப் பற்றி மட்டும் அவ்வளவு துணிந்து சொல்லிவிட முடியாது.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். பூமியிலேயே மிகப் பழைய பாறைகளின் வரிசையில் வைக்கத்தக்கது. கண்டத்தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் இமயமலையோ, ஒன்றுக்கடியில் ஒன்று புகும் சுமத்ராவோ இங்கிருந்து வெகு தூரம். பெரிய நடுக்கங்களில் பெரும்பாலானவை அத்தகைய விளிம்புகளில்தான் பிறக்கின்றன. தட்டின் நடுவில் இருப்பவர்களுக்கு என்ன கவலை?

கவலை இப்படி வருகிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. வடக்கே அதை ஆசியா தடுக்கிறது. அந்த மோதலின் அழுத்தம் இமயமலையோடு நின்றுவிடாமல் தட்டு முழுவதும் பரவி, தீபகற்பத்தின் அடியாழம் வரை எட்டுகிறது. அடியில் இருக்கும் பாறை பழையது என்பதற்கு அது முன்பே பல முறை உடைந்து ஒட்டியது என்றும் பொருள் உண்டு. ஒட்டவைத்த பீங்கான் தட்டை இரு கையாலும் அழுத்தினால் பழைய விரிசலில்தான் மறுபடி விடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த பிளவு ஒன்று அப்படித் திடீரென்று நழுவுவதுதான் தட்டு நடுவில் வரும் நிலநடுக்கம். விளிம்பில் அழுத்தம் வேகமாகச் சேர்வதால் ஒரே பிளவு சில நூற்றாண்டுகளில் மறுபடி உடையலாம். நடுவில் அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். அதனால் அந்தப் பிளவு அங்கே இருப்பதே பல நேரங்களில் யாருக்கும் தெரிவதில்லை.

1993 செப்டம்பர் 30 அதிகாலை, நான்கு மணிக்குச் சற்று முன்பு, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரியை ஒட்டி நடந்தது இதுதான். விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து ஊரே அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த நேரம். நடுக்கத்தின் அளவு 6.2. உலகக் கணக்கில் அது நடுத்தரம்தான், ஆண்டுதோறும் எங்கெங்கோ அந்த அளவில் பல வருகின்றன. ஆனால் அது தரைக்கு மிக அருகில் நிகழ்ந்தது. மேலே இருந்த வீடுகளோ சேற்றுக் கலவையில் அடுக்கிய தடித்த கருங்கல் சுவர்கள், அவற்றின் மேல் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கொட்டி இறுக்கிய கனமான மண் கூரைகள். சுவர் விலகியதும் கூரை அப்படியே இறங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அன்றைய இந்திய நிலநடுக்க வரைபடத்தில் கில்லாரி இருந்தது முதல் மண்டலத்தில். அதாவது, நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்ததாகக் கருதப்பட்ட மண்டலம். 2002-ல் வரைபடத்தைத் திருத்தியபோது அந்த முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டு இரண்டாவதோடு சேர்த்துவிட்டார்கள். சென்னை அதே திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. கோவை முன்பே அங்கே இருந்தது. கோவைக்கு 1900-லேயே 6 அளவை ஒட்டிய நடுக்கம் ஒன்று வந்து போயிருக்கிறது, ஊர் அதை மறந்துவிட்டது. முதல் மண்டலத்தில் இருந்த பெங்களூர் இரண்டாம் மண்டலத்துக்கு வந்தது.

ஓர் இடத்தில் ஆபத்து எவ்வளவு என்று கணிக்க நிலநடுக்கவியலாளர்கள் கையாளும் ஒரு வழி எளிமையானது. பெரிய நடுக்கத்துக்காகக் காத்திருக்காமல் சிறியவற்றை எண்ணுகிறார்கள். ஒரு பகுதியில் 3 அளவுள்ள நடுக்கங்கள் நூறு பதிவானால், 4 அளவில் பத்தும் 5 அளவில் ஒன்றும் எதிர்பார்க்கலாம். படி ஒன்று ஏற ஏற எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். நிலநடுக்கவியலாளர்கள் குட்டன்பர்கும் ரிக்டரும் கண்ட இந்த ஒழுங்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் பொருந்துகிறது. 2021 டிசம்பரில் சிக்கபள்ளாப்பூர்ப் பக்கம் 3 அளவை ஒட்டிய அதிர்வுகள் வந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்களே, அவையும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளி. ஆனால் கணக்கின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு முறை விழித்துக்கொள்ளும் பிளவை, கருவிகள் வந்து நூறு ஆண்டுகளே ஆன பதிவேட்டை வைத்து எடைபோடுகிறோம். பதிவேட்டில் எதுவும் இல்லை என்பது பிளவே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கணக்கு எப்படி வந்தாலும் அதைச் சொல்லும் விதத்தில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பொறியாளர்கள் '475 ஆண்டுக்கு ஒரு முறை வரும் அதிர்வு' என்பார்கள். அந்த 475 தவணைத் தேதி அல்ல. ஒவ்வோர் ஆண்டும் 475-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். போன ஆண்டு வந்துவிட்டது என்பதால் இந்த ஆண்டு விலக்கும் கிடையாது. 50 ஆண்டுகள் நிற்கப்போகும் கட்டடத்துக்கு அந்த வாய்ப்பு 10 சதவீதமாகத் திரள்கிறது.

மழைக்கும் இதே கணக்குதான். 'நூறு ஆண்டில் ஒரு முறை வரும் வெள்ளம்' ஓர் ஆண்டில் வராமலிருக்க வாய்ப்பு 99 சதவீதம். முப்பது ஆண்டு வீட்டுக் கடனுக்கு, 0.99-ஐ முப்பது முறை பெருக்கிப் பாருங்கள். 0.74 வரும். கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது பார்க்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு! இடங்களைக் கூட்டினாலும் இதே கதை. தனித்தனியாக அப்படி ஒரு சதவீத ஆபத்து உள்ள ஊர்கள் ஒரு நாட்டில் நூறு இருந்தால், ஏதாவது ஓர் ஊர் இந்த ஆண்டே அடிபட 63 சதவீத வாய்ப்பு இருக்கிறது. எந்த ஊர் என்பதுதான் தெரியாது. 'பாதுகாப்பான நாடு' என்று பெயர் வாங்கிய நாடுகளிலும் செய்தித்தாளில் அவ்வப்போது இடிந்த கட்டடப் படங்கள் வருவது இதனால்தான். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 1989-ல் 5.6 அளவு நடுக்கம் 13 உயிர்களைக் கொண்டுபோனது.

வெள்ளத்தில் பெங்களூரின் சங்கதி கொஞ்சம் வேறு, அங்கே இயற்கையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊர் மேட்டில் இருக்கிறது, மழைநீர் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி ஓடுகிறது. ஏரிக்கு ஏரி நீரைக் கடத்திய ராஜகாலுவே என்னும் பெரிய வாய்க்கால்கள் குறுகியபின் நீர் தன் பழைய பாதையில் நிற்கும் வீடுகளுக்குள் போகிறது. 2022 செப்டம்பரில் மென்பொருள் ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போனது நினைவிருக்கும். அந்த நீரில் ஒரு பகுதி பெல்லந்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு நுரையோடு வந்து சேர்கிறது.

மறுபடியும் நிலநடுக்கத்துக்கு வருவோம். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம், கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியாக இருந்த இடம். கெட்டிப் பாறையில் விரைந்து கடக்கும் நிலநடுக்க அலை, இப்படிப்பட்ட ஏரிப்படுகையின் இளகிய மண்ணில் வேகம் குறைந்து வீச்சு பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரம், நடுக்கத்தின் மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும், பழைய ஏரிப்படுகையின் மேல் நின்ற குற்றத்துக்காக நொறுங்கியது. அங்கிருக்கும் களிமண்ணின் ஆழம் இங்கே இல்லை என்பது உண்மை. ஆனாலும் 'ஊரே பாறை மேல்தான்' என்பது பாதி ஊருக்குத்தான் பொருந்தும்.

மீதி விஷயம் கட்டடத்தில் இருக்கிறது. 2001 குடியரசு நாளன்று புஜ் பக்கம் நிலம் நடுங்கியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாதில் விழுந்த அடுக்குமாடிகளில் பலவும் தரைத்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்டவை. மேல்தளங்களைச் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்க, கீழே வெறும் தூண்கள். அதிர்வில் வளையும் வேலை முழுதும் அந்தத் தூண்களின் தலையில் விழுந்தது. பெங்களூரில் 30-க்கு 40 மனையில் எழும் நான்கு மாடி வீடு முதல் பெரிய குடியிருப்பு வரை எத்தனை எத்தனை அந்த அமைப்பில் நிற்கின்றன என்று தெருவில் நடந்தாலே தெரியும்.

அந்தத் தூணைக் காப்பது, நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் 'ரிங்' என்பார்கள். அதன் இரு முனைகளும் 135 பாகை மடங்கி உள்ளே கான்கிரீட்டுக்குள் செருகி இருந்தால், வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தாலும் வளையம் பிரியாது. 90 பாகையோடு நிறுத்தினால், குலுக்கலில் முனை நிமிர்ந்து வளையம் வாய் திறக்கும், நெட்டுக்கம்பி பிதுங்கும். கேட்டால், "இது பெங்களூர் சார், இங்கே அதெல்லாம் வராது" என்பார் கிருஷ்ணகிரிப் பக்கத்து மேஸ்திரி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இப்படிக் கம்பி கட்டும் முறையை வகுத்த இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13920, 2016 பதிப்பில் மூன்றாம் மண்டலத்திலிருந்துதான் கட்டாயம். வரைபடம் ஓர் ஊரைப் பாதுகாப்பானது என்று சொல்கிறது, அதை நம்பி ஊர் பலவீனமாகக் கட்டுகிறது. ஆபத்து வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தாலும், வந்தால் விழும் அடி பெரிதாகிறது.

வீடு வாங்குபவர் கான்கிரீட் கொட்டும் முன்பு போனால் வளையத்தின் மடிப்பைக் கண்ணால் பார்க்கலாம், கொட்டியபின் முடியாது. கட்டி முடித்ததற்கும் வழி உண்டு. தரைத்தளத் தூண்களுக்கு மேலுறையாகக் கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்துத் தடிப்பாக்கலாம், அல்லது சில தூண்களுக்கிடையே கான்கிரீட் சுவர் எழுப்பலாம். சுவர் எழுப்பினால் இரண்டு மூன்று கார் நிறுத்தும் இடங்கள் போகும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.