ஒடுக்கமான எழுத்து வேறு, ஒடுக்கிய எழுத்து வேறு

போன வருஷம் ஒரு மசாலாக் கடைக்குப் போர்டு செய்துகொடுத்தேன். பழைய மில் சுவரில் பெயின்டால் எழுதிய மாதிரி உயரமாக, கனமாக, நெருக்கமாக எழுத்து வேண்டும் என்றார் கடைக்காரர். ஆங்கிலத்தில் இருந்த கடைப் பெயருக்கு பெபாஸ் நியூ என்ற ஒடுக்கமான ஃபான்டைப் போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே தமிழில் ‘மணம் மாறாத மசாலா’. பெபாஸில் தமிழ் கிடையாது. அதனால் கையிலிருந்த ஒரு தடித்த தமிழ் ஃபான்டை எடுத்து, கோரல் டிரா மென்பொருளில் பக்கவாட்டில் பிடித்து 60 சதவீதத்துக்கு நெருக்கிவிட்டேன். திரையில் நன்றாகத்தான் இருந்தது.

மாட்டிய அன்று அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். “தம்பி, ‘மனம் மாறாத’ன்னுல்ல தெரியுது?”

“பக்கத்துல வந்து பாருங்க அண்ணாச்சி, மூணு சுழி இருக்கு” என்றேன். ஒரு போர்டுக்காரன் சொல்லக்கூடாத பதில்.

பக்கவாட்டில் நெருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும். 10 மி.மீ. தடிமனாக இருந்த நிமிர்கோடு 6 ஆகிவிடும். படுக்கைக் கோடு 10-ஆகவே நிற்கும். உள்ளே இருக்கும் வெற்றிடமும் சுருங்கும். ஆக, கனமும் போச்சு, சுழியும் அடைபட்டாச்சு.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் குறுக்கு வழியே இல்லை. வார்த்த எழுத்தை யாரால் நெருக்க முடியும்? ஒடுக்கமாக வேண்டுமென்றால் தனியாக வரைந்து வெட்டியாக வேண்டும். 1903-இல் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் அமெரிக்காவில் வடிவமைத்த அல்டர்னேட் காதிக் என்ற எழுத்தை மூன்று அகலங்களில் செய்தார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் லீக் காதிக், அவற்றில் முதலாவதைத் திரும்ப வரைந்தது. அதன் ஆங்கில ‘O’வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வட்டத்தின் பக்கங்கள் நேராக நிமிர்ந்து, மேலும் கீழும் மட்டும் வளைந்திருக்கும். நிமிர்கோட்டின் கனத்தை விட்டுக்கொடுக்காமல் அகலத்தைக் குறைத்திருக்கிறார்கள்.

தமிழுக்கு இது இன்னும் கடினம். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ணை’ அதைவிட அகலம். மேலே புள்ளி, கீழே ‘து’வின் வால். ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். அதே இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும்.

இப்போது ஒடுக்க வடிவமும் சேர்த்தே வரையப்பட்ட தமிழ் ஃபான்டுகள் இருக்கின்றன. வழக்கமான அகலம் 100 என்றால், அனெக் தமிழில் அது 75 வரை இறங்கும், நோட்டோ சான்ஸ் தமிழில் 62.5 வரை. அண்ணாச்சி போர்டை அனெக்கில், 75 அகலத்தில் திரும்ப அடித்தேன், என் செலவில். ஒரு வரியில் அடங்கவில்லை, இரண்டு வரியாக்கினேன். இந்த முறை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு ஏ4 தாளில் எடுத்துத் தெருமுனையில் ஒட்டிவிட்டு, தள்ளி நின்று படித்தேன்.

அப்புறம் ஒன்று. ‘விண்டேஜ்’ என்று தேடி இறக்கும் பல ஃபான்டுகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம். கடை போர்டு அதில் சேராது. ஜிப் கோப்புக்குள் இருக்கும் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள். மேலே சொன்ன பெபாஸ் நியூ, லீக் காதிக், அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் நான்கும் திறந்த உரிமத்தில் வருபவை. போர்டுக்குத் தாராளமாகப் போடலாம்.