ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கில் நுழையும் வெளிச்சம்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. ராத்திரி இணைச்சீர், மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் நடக்கும் கொங்குச் சடங்கு. மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் உட்கார்ந்திருக்க, முன்னால் தரையில் சீர்த்தட்டுகள். அன்றைக்கு நான் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் பன்னிரண்டில் அந்தத் தட்டுகளே இல்லை. படத்தின் அடிப்பக்கம் ஐந்தில் ஒரு பங்கு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, இருட்டு.

"ஏனுங்ண்ணா, கேமரா போயிருச்சுங்களா?" என்று உதவிக்கு வந்த தம்பி பதறினான்.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டத்தில் யாரோ இடித்ததில் டயல் ஒரே ஒரு படி நகர்ந்து, 1/250 நொடியாக இருந்த ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், 1/320 நொடி ஆகியிருந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீரைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது. ஒரு படி நகர்ந்ததற்கா இவ்வளவு இழப்பு என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஷட்டருக்குள் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நம்மில் பலர் வைத்திருக்கும் கேமராவில், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் உண்டு. படம் எடுக்கும்போது முதல் திரை மேலிருந்து கீழே இறங்கிச் சென்சாரைத் திறக்கும். இரண்டாவது திரை அதன் பின்னாலேயே இறங்கி மூடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஒரு திரை அதைக் கடக்க ஏறத்தாழ நான்கு மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மொபெட் ஓடுகிற வேகம். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் திரை ஓடும் வேகம் கூடுவதில்லை. இரண்டாவது திரை எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதுதான் மாறுகிறது.

1/250 வரைக்கும் முதல் திரை முழுசாக இறங்கி முடித்த பிறகே இரண்டாவது கிளம்பும். நடுவில் ஒரு கணம் சென்சார் முழுக்கத் திறந்து கிடக்கும். ஃபிளாஷ் அந்தக் கணத்தில் வெடிக்கிறது. அதைவிட வேகம் கூடினால், முதல் திரை கீழே சேரும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். எந்த நேரத்திலும் சென்சார் முழுதாகத் திறந்திருக்காது. ஒரு இடுக்குதான் மேலிருந்து கீழே நகர்ந்து போகும். ஃபிளாஷ் வெடிக்கும்போது எந்தப் பகுதி மூடியிருந்ததோ, அது இருட்டு. லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழவைப்பதால், சென்சாரின் மேல்பகுதி படத்தின் அடிப்பகுதி. என்னுடைய சீர்த்தட்டுகள் காணாமல் போனது இப்படித்தான். தள்ளி நிற்கும் ஃபிளாஷை வெடிக்கச் சொல்லும் ரேடியோ டிரிகர் எடுத்துக்கொள்ளும் சிறு தாமதம் இருட்டை இன்னும் கொஞ்சம் அகலமாக்கும்.

வீட்டில் வெள்ளைச் சுவர் இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடு முனையை மட்டும் தொடுகிற சாதாரண டிரிகரை மாட்டுங்கள். டிரிகர் இப்படி இருந்தால் ஃபிளாஷ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. தெரிந்தால் 1/250க்கு மேல் போக அதுவே விடாது. 1/250, 1/320, 1/500, 1/1000 என்று வரிசையாக எடுங்கள். 1/500இல் சுவர் ஏறத்தாழ பாதி இருட்டு. 1/1000இல் மேலே ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். என்னிடம் வேலை பழக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் வேலை இதுதான்.

மண்டபத்துக்குள் 1/250 தாராளம். சிக்கல் வெளியில்தான். ஆழியாறு பக்கம் தென்னந்தோப்பில் உச்சி வெயிலில் ஒரு ஜோடியை நிறுத்துகிறோம். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), 1/250 என்றால் வெயிலுக்குச் சரியாக இருக்கும். ஆனால் எஃப் 11இல் பின்னால் நிற்கும் ஒவ்வொரு மட்டையும் துல்லியமாகத் தெரியும். தோப்பு பச்சைப் பூச்சாகக் கரைய வேண்டுமானால் எஃப் 2.8 வேண்டும். அது நான்கு ஸ்டாப் திறப்பு; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு. ஷட்டர் 1/4000க்குப் போயாக வேண்டும். அந்த வேகத்தில் இடுக்கின் அகலம் ஒன்றரை மி.மீ.

இதற்கு வந்த வழிதான் ஹைஸ்பீடு சிங்க். 1986இல் ஒலிம்பஸ் நிறுவனம் ஓஎம்-4டிஐ கேமராவோடு எஃப்280 என்ற ஃபிளாஷை வெளியிட்டு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யோசனை எளிமையானது. இடுக்கு பயணம் செய்யும் நேரம் முழுக்க வெளிச்சம் இருந்தால் போதுமே? கெப்பாசிட்டரில் சேர்ந்த மின்சாரத்தை ஒரே வெடிப்பாகக் கொட்டிவிடாமல், மின்னணு சுவிட்ச் ஒன்று அதை நறுக்கி நறுக்கி விடுகிறது. செனான் குழாய் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கிறது. 50,000 என்று வைத்தால், திரை கடக்கும் நான்கு மில்லிசெகண்டில் 200 துடிப்பு. 1/4000இல் சென்சாரின் ஒவ்வொரு வரியும் அதில் பன்னிரண்டைப் பார்க்கும். முதல் திரை நகரும் முன்பே துடிப்பு தொடங்கி, இரண்டாவது மூடும் வரை நடக்கும். சென்சாருக்கு அது நிலையாக எரியும் விளக்குபோலத்தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைத் தோட்ட வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்வது எளிது. ஒரு பாத்தியை முழுக்கப் பலகையால் மூடி, பலகையில் ஒரு சந்து மட்டும் விட்டு, அந்தப் பலகையை நகர்த்திக்கொண்டே போகிறீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஒரே வீச்சாக ஊற்றினால் சந்துக்கு நேரே இருக்கிற மண் மட்டும் நனையும். அதே வாளியைப் பூவாளியில் ஊற்றித் தூவிக்கொண்டே வந்தால் பாத்தி முழுக்கச் சீராக நனையும். ஆனால் பெரும்பங்கு பலகை மேல் விழுந்து வீணாகும். 1/4000இல் சந்து பதினாறில் ஒரு பங்கு. பதினைந்து பங்கு வெளிச்சம் திரைமேல் விழுந்து போகிறது. ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் பாதியாகக் குறையும். வழக்கமான வெடிப்பிலிருந்து இந்த முறைக்கு மாறும்போதே இரண்டு ஸ்டாப் வரை போய்விடுவதும் உண்டு.

ஹைஸ்பீடு சிங்க் போட்டால் வெயிலை ஜெயிக்கலாம் என்று விற்கிறவர்களும் சொல்கிறார்கள், வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள். தவறு. ஷட்டர் வேகம் கூடும்போது வெயிலும் ஃபிளாஷும் ஒரே அளவில்தான் குறைகின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள விகிதம் மாறுவதில்லை. வானத்தைக் கறுப்பாக்கி மணப்பெண்ணைத் தனித்துக் காட்டும் பலம் அதிகம் இருப்பது 1/250இல்தான். இந்த முறை தருவது பலம் இல்லை, எஃப் 2.8. அதற்காகவே இதைப் பயன்படுத்த வேண்டும்.

அசைவை உறையவைப்பதிலும் இதே குழப்பம். இருட்டு ஸ்டுடியோவில் தெறிக்கும் தண்ணீரை உறையவைப்பது ஃபிளாஷின் குறுகிய வெடிப்பு; ஷட்டர் 1/125 இருந்தாலும் போதும். ஹைஸ்பீடு சிங்கில் ஃபிளாஷ் நீண்டு எரிவதால் அந்த வேலையை ஷட்டர்தான் செய்கிறது.

வேறு வழிகளும் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை மூன்று ஸ்டாப் அளவில் மாட்டினால் 1/250இலேயே எஃப் 4இல் எடுக்கலாம், ஃபிளாஷின் முழு வெடிப்பும் கைவசம் இருக்கும். நான் அதிகம் நம்புவது இதைத்தான். 1957இல் வந்த ஹாசல்பிளாட் 500சியில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்தது, அதனால் அதன் உச்ச வேகமான 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III சென்சாரின் எல்லாப் புள்ளியையும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகிறது. திரையே இல்லை, 1/80,000 வரை ஃபிளாஷ் பிடிக்கும். அங்கே எல்லை ஃபிளாஷ் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதுதான்.

நம் கையில் இருப்பது திரை ஓடும் கேமராதான் என்றால், லைட்டைக் கிட்டே கொண்டு வாருங்கள். மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு வந்தால் வெளிச்சம் நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் திரும்பக் கிடைக்கும். வெளிச்சத்தை மென்மையாக்க ஃபிளாஷில் மாட்டும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸின் உள்துணியைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம். தொடர்ந்து துடிப்பதால் குழாய் சீக்கிரம் சூடேறி ஃபிளாஷ் தானே நின்றுவிடும். இடையிடையே நிழலில் ஆறவிடுங்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் அவுட்டோர் போகிறவர்கள் ஸ்டாண்டில் மணல் பை தொங்கவிட மறக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றுக்குச் சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி, லைட்டோ மணப்பெண்ணின் தலைக்கு ஒன்றரை மீட்டரில் நிற்கிறது.