பஸ்ஸின் உறுமல் எங்கே போகிறது?

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு மேலதிக வகுப்புக்குப் போய்வரும் உயர்தர மாணவி ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். கத்தாரில் வேலை செய்யும் அண்ணன் விடுமுறையில் வந்தபோது அவருக்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். “பஸ்ஸில் அதைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் உறுமல் அப்படியே மறைந்துவிடுகிறது. ஆனால் ‘நோர்வூட், நோர்வூட்’ என்று நடத்துநர் கூவுவது முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ஒரு சத்தத்தை விழுங்கும் கருவி இன்னொன்றை ஏன் விட்டுவிடுகிறது? விழுங்கிய சத்தம் எங்கே போகிறது? அது காதுக்குள் எதிர் ஒலியைப் பாய்ச்சுகிறது, போகப்போகக் காது செவிடாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். உண்மையா?”

பல நாட்களாக எழுத நினைத்திருந்த விடயம் இது. அதற்கு வழி செய்து கொடுத்த அந்த மாணவிக்கு நன்றி.

ஒலி என்பது காற்றில் ஓடும் நெருக்கமும் ஐதாதலும் (தளர்வும்) என்பதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். ஓர் அலையின் முடியும் (உச்சியும்) இன்னோர் அலையின் தாழியும் (பள்ளமும்) ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தால் இரண்டும் சமப்பட்டுப்போகும் என்பதும் தெரிந்ததே. ஹெட்போனின் வெளிப்புறத்தில் ஒரு மைக் இருக்கிறது. அது இரைச்சலைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி அதற்கு நேர்மாறான அலையை எழுப்புகிறது. பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. உண்மையான அழகு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் பஸ்ஸைப் பார்ப்போம். நமது மலைப்பாதைகளில் ஓடும் பழைய பஸ்களில் எஞ்சின் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் இருக்கும். அது ஆறு சிலிண்டர் கொண்ட நான்கடிப்பு டீசல் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது விநாடிக்கு 30 சுற்று. இதில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும் என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டர்கள் வெடிக்கின்றன. ஆக, விநாடிக்கு 90 வெடிப்பு. நாம் கேட்கும் உறுமலின் மீடிறன், அதாவது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, ஏறக்குறைய 90 ஹெர்ட்ஸ். மலைநாட்டின் குளிர்ந்த காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் வேகத்தில் போகிறது. வகுத்துப் பாருங்கள்: அந்த உறுமலின் அலைநீளம் 3.8 மீற்றர். தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் காம்பரா ஒன்றின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நீளும் அலை அது.

நடத்துநரின் குரலிலும் தாழ்ந்த மீடிறன்கள் உண்டு. ஆனால் ‘நோர்வூட்’ என்ற சொல்லை நமக்குச் சொல்லாகப் புரியவைப்பது 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கூர்மையான பகுதி. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்ரிமீற்றர்தான். எதிர் அலை 2 சென்ரிமீற்றர் தூரத்துக்குச் சமமான அளவு பிந்திவிட்டது என்று கொள்ளுங்கள். ஒரு முழு அலையை 360 பாகை என்று கொண்டால், எஞ்சினின் 3.8 மீற்றர் அலைக்கு அது வெறும் 2 பாகை அவத்தைப் பிழை, அதாவது அலை காலம் தப்பிய அளவு. கணக்கிலேயே வராது. நடத்துநரின் 11 சென்ரிமீற்றர் அலைக்கோ அது 60 பாகையைத் தாண்டுகிறது. 60 பாகைப் பிழையில் எதிர் அலையால் ஒரு பயனும் கிடைக்காது. அதற்கு மேலே போனால் இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதிர் அலையை அடக்கிவைத்து, அந்தப் பகுதியைக் காதை மூடும் மெத்தையிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். மெத்தை நடத்துநரின் குரலை ஓரளவு தணிக்கிறது. ஆனால் அதுவரை அந்தக் குரலை மூடி மறைத்துக்கொண்டிருந்த உறுமல் இப்போது இல்லை. குரல் தெளிந்து கேட்பது இதனால்தான்.

இனி, விழுங்கிய சத்தம் எங்கே போகிறது என்ற கேள்வி. இதற்கான விடையை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளை என்னால் மறக்க முடியாது.

காலை ஏழு மணிக்கு ஹட்டன் பஸ்ஸில் நிற்கிறீர்கள். மூச்சு விட இடமில்லை. முன்வாசலில் ஒருவர் முண்டியடித்து ஏறுகிறார். நெருக்கம் ஆள்மாறி ஆள்மாறி உங்கள் முதுகுக்கு வந்து சேர்கிறது. ஆனால் அவர் ஏறும் அதே கணத்தில் பின்வாசலில் ஒருவர் இறங்கிவிட்டால்? நடுவில் நிற்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏறியவர் ஏறினார், இறங்கியவர் இறங்கினார், நெருக்கம் மட்டும் மாறவில்லை. யாரும் யாரையும் எதிர்த்துத் தள்ளவில்லை.

ஹெட்போனின் கிண்ணத்துக்குள் நடப்பதும் இதேதான். 3.8 மீற்றர் அலைக்கு முன்னால் அந்தக் கிண்ணம் மிகச் சிறியது. அதற்குள் முடி ஓரிடம், தாழி ஓரிடம் என்று இருக்க இடமே இல்லை. கிண்ணத்துக் காற்று முழுவதிலும் ஒரு நேரத்தில் ஒரே அமுக்கம்தான். வெளியே நெருக்கம் வரும்போது கிண்ணம் மெத்தையின் மீது மயிரிழையளவு உள்ளே அமுங்குகிறது. இடுக்குகள் வழியாகவும் கொஞ்சம் காற்று புகுகிறது. உள்ளே அமுக்கம் உயரப் பார்க்கிறது. அந்தக் கணத்திலேயே ஒலிபெருக்கியின் மென்றகடு, அதாவது ஒலியெழுப்ப அசையும் மெல்லிய சவ்வு, பின்வாங்கி, உள்ளே வந்த நெருக்கத்துக்கு இடம்விட்டுக் கொடுக்கிறது. வெளியே ஐதாகும்போது மென்றகடு முன்னே வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. விநாடிக்கு 90 தடவை, ஓயாமல். நடுவில் இருக்கும் செவிப்பறைக்கு அமுக்கம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஏறாத அமுக்கம் செவிப்பறையைத் தள்ளாது. தள்ளாத இடத்தில் சக்தி கைமாறாது. ஆகவே சத்தம் விழுங்கப்படவில்லை, அழிக்கப்படவும் இல்லை. காதுக்குள் அது சேரவே விடப்படவில்லை.

‘எதிர் ஒலி’ என்ற சொல் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான். அதைக் கேட்டவுடன் இரண்டு ஒலிகள் காதுக்குள் மோதுவதாக மனம் கற்பனை செய்துகொள்கிறது. அங்கே நடப்பது மோதல் அல்ல, வழிவிடுதல்.

ஆனால் வழிவிடுவதற்கு நேரம் தவறக்கூடாது. வெளி மைக்கிலிருந்து ஒலி செவிப்பக்கம் வர 2 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது. அதைக் கடக்க ஒலிக்கு விநாடியில் 17,000இல் ஒரு பங்கு போதும். அதற்குள் கேட்டு, கணித்து, மென்றகட்டை அசைத்தாக வேண்டும். நல்ல ஹெட்போன்களில் கிண்ணத்துக்கு உள்ளேயும் ஒரு மைக் இருக்கும். மிச்சம் எவ்வளவு அமுக்கம் நழுவி வந்தது என்று பார்த்து, அதையும் திருத்தச் சொல்லும். இந்தத் திருத்தத்துக்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது: பஞ்சுத் தலையணையை ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் புடைப்பதுபோல, தாழ்ந்த மீடிறன்களை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு மேலே எங்கோ கொஞ்சம் இரைச்சல் கூடும். அமைதியான அறையில் ஹெட்போனை இயக்கினால் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்பதில் இதற்கும் பங்கு உண்டு, மைக்கின் சொந்த இரைச்சலுக்கும் பங்கு உண்டு.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். பொத்தானை அழுத்தியவுடன் பலருக்குக் காது அடைப்பதுபோலத் தோன்றும். எனக்கும் முதல் வாரத்தில் அப்படித்தான் இருந்தது. உண்மையில் அங்கே நிலையான அமுக்கம் எதுவும் ஏறுவதில்லை. தாழ்ந்த ஒலிகள் திடீரென்று இல்லாமல் போவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. கணக்கும் இதைச் சொல்கிறது. 94 டெசிபெல் என்பது காதைக் குடையும் சத்தம். அதன் அமுக்க மாற்றம் 1 பாஸ்கல். நமது மலைகளில் வெறும் 10 சென்ரிமீற்றர் உயரம் ஏறினாலே காற்றமுக்கம் அந்த அளவு குறைந்துவிடுகிறது! கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போகிறவரின் காது சுமார் 14,000 பாஸ்கல் மாற்றத்தைச் சந்தித்து, இரண்டு தடவை எச்சில் விழுங்கியதும் சரியாகிவிடுகிறது. அந்த வளைவுகளில் கைக்குழந்தைகளோடு ஆயிரமாயிரம் தாய்மார் போய்வருகிறார்கள். அறியாததைக் கண்டு அம்மா பயப்படுவதில் பிழை இல்லை. ஆனால் “எதிர் ஒலிக் கதிர் மூளையைச் சுடும்” என்று அலைபேசிகளில் பரப்பி, அந்தப் பயத்தை விதைக்கிறவர்கள் செய்வது அநியாயம். ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியின் வாயை அது அடைத்துவிடுகிறது.

இந்த யோசனை புதியதல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த பவுல் லூக் 1933இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1936இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அதை நன்றாகச் செய்துகாட்டும் இலத்திரனியல் அன்று இல்லை. வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறியவரின் மகனும் அங்கே எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியருமான அமர் போஸ், 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறக்கும்போது விமான இரைச்சலில் இசை கேட்க முடியாமல், இருக்கையிலேயே கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான ஹெட்போன் விற்பனைக்கு வந்தது 1989இல். நம்மைப் போன்றவர்களின் கைக்கு வந்தது 2000இல். கணக்குப் போட்டதிலிருந்து 22 ஆண்டுகள்! நாளைக்கே இலாபம் கேட்கிறவர்களிடமிருந்து இப்படி ஒன்று பிறக்காது.

லூக்கின் காப்புரிமைப் படத்தில் இருப்பது ஹெட்போன் அல்ல, ஒரு குழாய். குழாய்க்குள் ஓடும் ஒலி, அதைக் கேட்கும் மைக், எதிர்முகமாக ஒலிபெருக்கி. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தை வாட்டுவதற்கு இரவு முழுவதும் நீண்ட தொட்டிகளுக்குள் காற்றை ஊதும் பெரிய மின்விசிறிகள் அங்கே இருக்கின்றன. ஆறு இதழ் விசிறி விநாடிக்கு 16 தடவை சுற்றினால் 96 ஹெர்ட்ஸ். பஸ்ஸின் உறுமலுக்கு மிகப் பக்கத்தில், மாறாத ஒரே சுருதியில், எதிர் அலையால் தணிப்பதற்கென்றே அமைந்த இரைச்சல். அதற்குள் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்கிறவர்களின் செவிகள் நமக்குப் பெரிதாகப் படவில்லையா? பேராதனைப் பொறியியல் பீடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் ஒரு தொட்டியில் இதைச் செய்துபார்க்கப் பணம் ஒதுக்கலாம். மலையகப் பிள்ளை ஒருவரே அந்த ஆய்வைச் செய்தால் இன்னும் மகிழ்வேன்.

இனி, ஹெட்போனை வைத்து வாழ்வது பற்றி. நல்ல ஒலி வேண்டுமா? முதலில் கிண்ணத்துக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மென்றகடு சிறிய, மூடிய காற்றைத்தான் அமுக்கவும் தளர்த்தவும் முடியும். மெத்தை ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தால், அந்த ஓட்டை வழியாக உறுமல் உள்ளே வரும், பாட்டின் தாழ்ந்த சுரங்கள் வெளியே போகும். மூக்குக் கண்ணாடியின் தடித்த கால், பெரிய தோடு, காதை மூடிய கம்பளித் தொப்பி எல்லாம் ஓட்டைகள்தான். உறுமி அடிக்கும் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உறுமியின் அடிக்குரல் சட்டென்று பெருகினால் உங்கள் ஹெட்போன் கசிகிறது. இயர்பட் என்றால், பெட்டியில் வரும் மூன்று அளவு இறப்பர் முனைகளையும் போட்டுப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை. விலை உயர்ந்த கருவி வாங்கி இதைக் கவனிக்காமல் விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது.

நமது பனிமூட்டம் இந்தக் கருவிகளுக்கு எதிரி. மெத்தையின் செயற்கைத் தோல் பெரும்பாலும் பொலியூரிதேன் என்ற பிளாஸ்டிக். ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல நீர்ப்பகுப்பால் அறுக்கிறது. என்னுடையதன் மெத்தை மூன்றாவது மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. பஸ்ஸில் உறுமல் திரும்பி வந்தது. இலத்திரனியல் பழுது என்று நினைத்துப் பல மாதம் அப்படியே வைத்திருந்தேன். புதிய மெத்தை போட்டதும் பழைய அமைதி கிடைத்தது. பயன்படுத்தாதபோது மூடியுள்ள டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

நானுஓயாவிலிருந்து பதுளைக்கு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வேறொரு தொல்லை. காற்று மைக்கின் வாயில் நேராக மோதிச் சுழல்கிறது. மைக் அதை ஒலி என்று எடுத்துக்கொள்ள, இல்லாத இரைச்சலுக்கு மென்றகடு அசைந்து, உள்ளே படபடப்பு கேட்கும். ஜன்னல் பக்கத்துக் காதைத் திருப்பிக்கொள்ளுங்கள், அல்லது இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள். தகரக் கூரையில் அடிக்கும் மழைக்கு இதனிடம் மருந்து இல்லை. ஒவ்வொரு துளியும் தனித்தனி அடி. அந்தச் சடசடப்பு பெரும்பாலும் உயர்ந்த மீடிறன். அங்கே மெத்தைதான் துணை.

சத்தத்தைக் கூட்டாமல் கேட்க முடிவதுதான் இதன் மிகப் பெரிய கொடை. உறுமலை வெல்லப் பாட்டை உயர்த்த வேண்டியதில்லை. 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபெலில் அது 4 மணிநேரமாகச் சுருங்குகிறது. ஆகவே, காது செவிடாகாமல் காக்கவும் இந்தக் கருவி உதவும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அவர் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலை மலைக்கு நடுவே லயத்துக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதை. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாவது நமக்குப் பழகிப்போன செய்தி. தேனீ விநாடிக்கு 200 தடவைக்கு மேல் சிறகடிக்கிறது. குளவிக் கூட்டம் கலைந்தெழும் இரைச்சலும் தாழ்ந்த ரீங்காரம்தான். இந்தக் கருவி மிகச் சுத்தமாகத் துடைத்துவிடும் மீடிறன்கள் இவை. நடத்துநரின் கூவலை விட்டுவிட்ட அதே ஹெட்போன் குளவியின் ரீங்காரத்தைக் காதுக்கு வரவிடாது. பஸ்ஸின் படியிலிருந்து கால் தரையில் படும்போதே அதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.